என்ஜினுக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா

மதராஸ் பட்டணத்தில் கார் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். காரை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். காருக்கு வந்திருப்பது நிஜ வலியா, வெறும் சூட்டு வலியா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ராயபுரத்தில் எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்தார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. பங்குச் சாமியார் முதல் மீன்கூடைக்காரி வரை எல்லோருக்கும் அவர் நர்ஸம்மாதான். ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளைப் புடவை, ஆண்பிள்ளைச் செருப்பு, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் ஒரு ஸ்குரூ டிரைவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் மனைவி ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "தெனம் பொம்பளைங்க கத்தறத கேட்டுகினே கீறேன். தெரிஞ்சே போய் மாட்டிக்க எனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார். என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். அன்றிரவு அவள் தூங்கவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்குமேல் இந்த உலகத்தில் முதலில் பார்த்த முகம் நர்ஸம்மாவுடையது. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் அவ்வளவு பலமாக அழுததற்கு அதுதான் காரணம் என்பார் மஸ்தான் பாய். மஸ்தான் பாய் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கார்.

துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு நர்ஸம்மா பிரசவம் பார்த்தாராம். குழந்தை கால் முன்னால் வந்ததாம். ஒரு அதட்டுப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதாம். "யாரை அதட்டினீர்கள், தாயையா குழந்தையையா?" என்று கேட்டேன். "தொரையத்தான். குறுக்க குறுக்க வந்துகினு இருந்தாரு" என்றார். அந்தத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது, தான் வைத்திருந்த சின்னக் காரை நர்ஸம்மாவின் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அப்போதே அதற்கு நல்ல வயது. நான் கல்யாணமான கையோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கணக்கெழுத உட்கார்ந்தது அறுபதுகளின் நடுவில். அதற்குள் கடற்காற்று அந்தக் காரின் பெயிண்டைத் தின்று தீர்த்து, தகரத்தில் கை வைத்திருந்தது. தெருவில் அதற்குப் பெயர் துரைசானி.

துரைசானி கிளம்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கு மசியாவிட்டால் பின்னால் நின்று தள்ள வேண்டும். பெரும்பாலும் மசியாது. தள்ளுவதற்கு நர்ஸம்மா ஒரு சட்டமே வைத்திருந்தார். அவர் கையில் பிறந்த ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து தள்ள வேண்டும்.

"உன்ன நான் இஸ்துப் போட்டேன். இத்த நீ தள்ளு."

இந்த நியாயத்துக்கு எதிராக எவனும் வாய் திறந்ததில்லை. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன், போலீஸ்காரன், மீன்பிடிப் படகுக்குச் சொந்தக்காரன், எல்லோரும் வந்து தோளைக் கொடுப்பார்கள். ஒரு நாள் ஆறாம் நம்பர் வீட்டு அந்தோணி கோட்டு, டை, கையில் பூச்செண்டு சகிதமாகக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்தான். நடுத்தெருவில் துரைசானி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தோணி, வா."

"நர்ஸம்மா, இன்னிக்கு எனுக்குக் கல்யாணம்."

"தெரியும். எனுக்கும்தான் பத்திரிகை வச்சே. தள்ளு."

பூச்செண்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளினான். கையெல்லாம் துரு. வண்டி கிளம்பியதும் அவனையே ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். அந்தோணியின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருக்கும். பெரிய ஸ்டைல் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

என்னை இழுத்துப் போட்ட அம்மாள் தஞ்சாவூரில் இருக்கிறார், இந்தச் சட்டம் என்மேல் செல்லாது என்று நானும் வாதாடிப் பார்த்தேன். நர்ஸம்மா என் மனைவியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "நீ அட்வான்ஸா தள்ளு கணக்கு" என்றார். அவர் எனக்கு வைத்த பெயர் கணக்கு. நான் தள்ளினேன்.

இப்போது மஸ்தான் பாய். ஆரம்பத்தில் துரைசானியைக் கவனித்துக்கொண்டது அவர்தான். கெட்டிக்காரர். ஒரு தடவை என்ஜினைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்த நேரத்தில், ஆம்பூரில் தங்கை கல்யாணம் என்று ஆள் வந்தது. சாமான்களின்மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் புறப்பட்டுப் போனார். கல்யாணச் சாப்பாடு ருசித்துவிட்டது போலிருக்கிறது, உடனே திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து எண்ணூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பாக்கியம் என்ற பெண்ணுக்கு வலி என்று ஆள் வந்தது. நர்ஸம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்து, அப்புறம் ஜட்கா பிடித்து, கடைசியில் மணலில் நடந்து போய்ச் சேர்ந்தார். அதற்குள் குழந்தை போய்விட்டது. பாக்கியம் மயிரிழையில் பிழைத்தாள்.

பாய் திரும்பி வந்தபோது சாமான்கள் ஒன்றுகூட ஒர்க்‌ஷாப்பில் இல்லை. எல்லாம் நர்ஸம்மா வீட்டு ஷெட்டில் வெள்ளைத் துணியின்மேல் இருந்தன.

"வயித்த தொறந்து போட்டுட்டு பிரியாணி துன்னப் போறவன் கைல இனிமே என் வண்டியக் குடுக்க மாட்டேன்."

பாய் எவ்வளவோ கெஞ்சினார். கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது. வந்து பார்க்கலாம், வாயால் சொல்லலாம், ஆனால் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அன்று முதல் மஸ்தான் பாய் தினமும் சாயங்காலம் ஷெட் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிற கைதி மாதிரி நின்றார். வருஷக்கணக்கில் நின்றார்.

நர்ஸம்மாவுக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரசவத்தைப் பற்றித் தெரியும். அதுவே தாராளமாகப் போதும் என்று தீர்மானித்துவிட்டார். ஸ்பானர்களை எல்லாம் ஒரு பாத்திரத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார்.

"வெந்துட்ச்சா நர்ஸம்மா? மசாலா எதுனா அரைக்கணுமா?" என்பார் பாய்.

"கலீஜான கையோட தொட்டுத்தான் நீ பாதி வண்டிங்கள சாவடிச்சே. நகத்தக் காட்டு. த்தூ!"

சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொள்ளாமல் அவர் பானெட்டைத் திறந்ததில்லை. திறந்ததும், கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் நாடியைக் கேட்கிற மரக்குழலை எடுத்து, ஓடுகிற என்ஜினின்மேல் வைத்துக் காதைக் கொடுப்பார். "மூச்!" என்று ஒரு சத்தம். தெருவே அடங்கிவிடும். மீன்காரி கூவ மாட்டாள், சைக்கிள்காரன் மணியடிக்க மாட்டான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து தீர்ப்புச் சொல்லுவார்.

"நாலு கொயந்தைல மூணாவது சவலையா கீது."

நாலு குழந்தை என்றால் நாலு சிலிண்டர். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பல்பொடி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, சூடு காட்டி மாட்டுவார். சவலை தேறிவிடும். ஓடாத நாட்களில், ஹேண்டிலைச் சுற்றுகிறவனை விட்டுவிட்டு என்ஜினைப் பார்த்துத்தான் கத்துவார். "முக்கு! இன்னும் கொஞ்சம்! அவ்ளோதான், வந்துட்ச்சு வந்துட்ச்சு!" வெளியூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் இதை வாசலிலிருந்து கேட்டுவிட்டு, மரியாதைக்காக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழைக்காலத்தில் என்ஜினுக்கு ஈரம் ஆகாது. அது சரி. ஆனால் பச்சைப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி நர்ஸம்மா அதற்குச் சாம்பிராணிப் புகை போட ஆரம்பித்தபோது, மஸ்தான் பாய் "பெட்ரோலாண்ட நெருப்பும்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினார். யானைக்கவுனி தாண்டித்தான் திரும்பிப் பார்த்தார் என்று தெருவில் பேச்சு. துரைசானி சாம்பிராணி மணக்க, தும்மல் ஒன்று போட்டுவிட்டு, சமர்த்தாகக் கிளம்பிப் போனாள்.

பெட்ரோலை மல் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். ஆயிலில் ஒரு தூசி விழச் சம்மதிக்க மாட்டார். எங்கள் வீட்டுச் சமையலறையைவிட அந்த என்ஜின் சுத்தமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோபித்துக்கொள்ளட்டும். "அது சொல்ற காரணம் பூரா தப்பு கணக்கு சார், வண்டி மட்டும் ஓடுது" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் துரைசானி போய்ச் சேர்ந்தாள். ஒரு தடவைகூடத் தாமதம் இல்லை.

அப்படிப்பட்ட துரைசானிக்கு ஒரு நாள் பெரிய வியாதி வந்தது. புகை வெள்ளையாக வந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நர்ஸம்மா ஆயில் அளக்கிற குச்சியை உருவிப் பார்த்தார். கருப்பாக இருக்க வேண்டிய ஆயில், கெட்டியாக, மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"சீம்பால்!" என்றார் நர்ஸம்மா.

"பாலும் இல்ல, தயிரும் இல்லம்மா" என்று பாய் குரலை உயர்த்தினார். "ஆயில்ல தண்ணி பூந்துட்ச்சு. ஹெட்டு கேஸ்கெட்டு பூட்ச்சு."

என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும், அது ஓட்டையாகிவிட்டால் தண்ணீரும் ஆயிலும் நெருப்பும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று எனக்கு விளக்கினார். வேறே தகடு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் துரைசானியின் வயசுக்குத் தகடு எங்கும் இல்லை. பாய் மவுண்ட் ரோடு முழுக்க அலைந்தார். கடைக்காரர்கள் அந்தக் காரின் பெயரைக் கேட்டதும், செத்துப்போனவரை விசாரிப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மாவின் அண்ணன் வாயைத் திறந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கார்டு சார் என்போம். மனைவி காலமான பிறகு தங்கையோடு வந்து இருந்தார். அதிகம் பேச மாட்டார். தினமும் காலையில் செப்பு அண்டாவில் வெந்நீர் போட்டு, அதில் நிம்மதியாகக் குளிப்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தில் சுகம்.

"பாப்பா, போதும். உனுக்கும் வயசாவுது. இது ஒரு நாள் உன்ன நட்ட நடு ரோட்ல வுட்டுடப் போவுது. நான் எங்கன்னு வந்து தேடுவேன்? திங்கக்கெழம மூலக்கொத்தளத்துலேர்ந்து ஆள வரச் சொல்லிக்கிறேன்."

மூலக்கொத்தளம் என்றால் எங்கள் பக்கத்தில் சுடுகாடு. கார்டு சார் சொன்னது அங்கே இருந்த பழைய இரும்புக் கடைக்காரரை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நர்ஸம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "அண்ணாத்தே, பாக்கியத்துக்கு மறுபடியும் மாசம். எப்ப வேணா வலி எடுக்கும். இந்த வாட்டி நேரத்துக்கு வரேன்னு அவ தலைல கை வச்சி சொல்லிக்கிறேன்" என்றார். கார்டு சார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம வரிக்கும் பாரு. ஓடலன்னா ஏத்திடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஆபரேஷன் தொடங்கியது. தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது. நர்ஸம்மா வெள்ளை ஏப்ரன் கட்டி, கை கழுவி, என்ஜினின் தலையை அலுங்காமல் தூக்கி மேஜைமேல் வைத்தார். ஓட்டையான பழைய தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாத்துல செஞ்சது இது?"

"செம்பு" என்றார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்த பாய்.

நர்ஸம்மா தகட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு நேராக வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் கார்டு சாரின் வெந்நீர் அண்டா இருந்தது.

அந்தோணியும் கூட்டாளிகளும் அதைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்கினார்கள். பழைய தகட்டை மேலே வைத்து, தையற்காரர் அளவெடுக்கிற மாதிரி சாக்பீஸால் வரைந்து வெட்டினார் நர்ஸம்மா. தகரம் வெட்டுகிற கத்தரியைப் பாய்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்தார். அதைக் கைமாற்றுவதற்கு மட்டும் அவர் கட்டு அவிழ்ந்தது. "கரி நெருப்புல செவக்க காய்ச்சி தண்ணில போடும்மா, அப்பத்தான் மெதுவாவும், ஒட்டும்" என்றார். அதையும் செய்தார்கள். அந்த நேரத்தில் கார்டு சார் கோயில் சபைக் கூட்டம் முடிந்து வந்து சேர்ந்தார். தரையில் கிடந்த செம்புத் துண்டுகளைப் பார்த்தார். அதில் ஒன்றில் அண்டாவின் காது ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, என் அண்டா?"

"ஆபரேசன்ல கீது."

கார்டு சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தலையைத் திரும்ப வைத்து நட்டுகளை முடுக்கும்போதுதான் தப்பு நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு தையல் போடுகிற வழக்கம் நர்ஸம்மாவுக்குக் கையில் ஊறியது. ஒரு முனையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் இறுக்கிக்கொண்டு, மறுமுனைக்கு வந்து முடிப்பார். நட்டுகளையும் அப்படியே முடுக்கிக்கொண்டு போனார். மஸ்தான் பாய் துடித்துவிட்டார்.

"நடுவுலேர்ந்தும்மா! நடுவுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா!"

"தையல் போடறது நீயா நானா? சொம்மா நில்லு."

புது ஆயில் ஊற்றி, தண்ணீர் விட்டு, அந்தோணி ஹேண்டிலைச் சுற்றினான். என்ஜின் பிடித்தது. தெருவில் ஒரே விசில். அடுத்த நிமிஷமே இன்னொரு விசில் கேட்டது. அது என்ஜினின் பக்கவாட்டிலிருந்து. ஆவி பீச்சி அடித்தது. நர்ஸம்மா என்ஜினை நிறுத்திவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, உள்ளே போனார். அவர் அதட்டாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை நான் ஆபீசுக்குப் புறப்பட்டு, டிபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தேன். மூலக்கொத்தளத்துக்காரர் கட்டை வண்டியும் சங்கிலியுமாக வந்து நின்றிருந்தார். அவர் சங்கிலியைக் காரின் முன்னால் மாட்டிக்கொண்டிருக்கும்போது, முனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. சைக்கிளில் வந்தது பாக்கியத்தின் புருஷன். சட்டை பிழிந்தால் வாளி நிறையும்.

"நர்ஸம்மா, வலி எடுத்துட்ச்சு!"

நர்ஸம்மா பையோடு வெளியே வந்தார். எண்ணூர் பஸ் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. டாக்ஸிக்காரர்கள் திருவொற்றியூரோடு திரும்பிவிடுவார்கள். நர்ஸம்மா காரைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பிறகு, வழக்கமான இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற மஸ்தான் பாயைப் பார்த்தார்.

"பாய், கைய கழுவு."

பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப்போய், சோப்பு தீருகிற மட்டும் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். நகத்தைக்கூடக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. எல்லா நட்டையும் தளர்த்தி, நடுவில் தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். நர்ஸம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்பானராக எடுத்துக் கொடுத்தார். அவர் இன்னொருவருக்கு எடுபிடி வேலை செய்ததைத் தெரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

ஹேண்டிலுக்கு மசியவில்லை. தள்ள வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அந்தோணி வகையறா எல்லோரும் ஹார்பர் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் பாயும் பாக்கியத்தின் புருஷனும்தான். நர்ஸம்மா மூலக்கொத்தளத்துக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க பொறந்தே?"

"காசிமேடும்மா."

"யாரு பாத்தது?"

அந்த மனுஷர் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தார். "நீங்கோதான்னு எங்கம்மா சொல்லும்."

"அப்ப சங்கிலிய அவுத்துட்டு தள்ளு!"

எடைக்கு எடுக்க வந்தவர் தள்ளினார். துரைசானி இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். விசில் இல்லை. ஆவி இல்லை. பாய் முன்ஸீட்டில் தாவி ஏறினார். பின்ஸீட்டில் பாக்கியத்தின் புருஷனும், எதற்கென்றே தெரியாமல் டிபன் பாக்ஸோடு நானும். கார் திரும்புகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு, பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டிருந்த கார்டு சாரும் ஏறிவிட்டார்.

"நீ எதுக்கு அண்ணாத்தே?"

"நட்ட நடு ரோட்ல நின்னா தேட வேணாம் பாரு" என்றார்.

தண்டையார்பேட்டை தாண்டினோம். வண்டி பறந்தது என்று சொல்ல ஆசை. சைக்கிள்கள் எங்களை முந்தவில்லை, அவ்வளவுதான். ரயில்வே கேட்டை நெருங்கும்போது கேட் மூடியது. கூட்ஸ் வண்டி வந்தது, வந்த இடத்திலேயே நின்றும் விட்டது. சிக்னல் இல்லை. என்ஜினை நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ. நிறுத்தாமல் நின்றதில் துரைசானிக்குச் சூடு ஏறி, ரேடியேட்டர் கொதித்துத் தளும்ப ஆரம்பித்தது. பாய் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. ரோட்டோரத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க நான் டிபன் பாக்ஸைக் காலி செய்துகொண்டு ஓடினேன்.

"பச்சத் தண்ணி ஊத்தாத கணக்கு! சூட்டு ஒடம்புல பச்சத் தண்ணி பட்டா ஜன்னி கண்டுடும்!"

"கரெக்டு!" என்று கத்தினார் பாய். "ஜன்னி இல்ல, இரும்பு வெடிச்சிடும். ஆனா கரெக்டு!"

நடு ரோட்டில் வெந்நீருக்கு எங்கே போவது? அப்போது பார்த்தால் கார்டு சாரைக் காணவில்லை. கேட்டுக்குக் கீழே குனிந்து தண்டவாளத்துக்குப் போய்விட்டார். ரிட்டயர் ஆனபின் முதல்தடவையாக அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் நீராவி என்ஜின் பக்கத்தில் போய் நின்று, மேலே பார்த்து ஏதோ அதட்டினார். தங்கைக்கு அண்ணன்தான், சந்தேகமே இல்லை. டிரைவர் சலாம் போட்டதைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கார்டு சார் இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாளியில் ஆவி பறந்தது.

"ரயில்வே வெந்நீர்" என்றார். "என் அண்டா தண்ணியவிட நல்லா சூடு."

என்ஜினை ஓடவிட்டபடியே பாய் மெதுவாக ஊற்றினார். ரயில் கிளம்பியது, கேட் திறந்தது. போகும்போது ரயில் டிரைவர் எங்களுக்காக ஒரு கூவல் கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸம்மா ஹார்னை அமுக்கிப் பதில் சொன்னார். எனக்கு மார்பு விரிந்துபோயிற்று. அந்தக் காரில் நான் செய்த ஒரே வேலை சாம்பார் சாதத்தைக் கொட்டியதுதான். இருந்தாலும் விரிந்தது.

எண்ணூரைத் தாண்டிக் குப்பத்துக்குத் திரும்புகிற இடத்தில் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கும். சக்கரம் புதைந்தது. அடுத்து நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட குப்பத்து ஆட்கள் வலை இழுக்கிற கயிறோடு ஓடிவந்தார்கள். கயிற்றைக் காரில் கட்டினார்கள். "ஐலசா! ஐலசா!" என்று கட்டுமரத்தைக் கரையேற்றுகிற மாதிரி துரைசானியை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மா மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். குடிசை வாசலில் கார் நிற்பதற்குள் இறங்கி, "வென்னி எங்க? ஆம்பளைங்கல்லாம் அப்பால போ!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆம்பளைகள் எல்லோரும் மணலில் உட்கார்ந்தோம். பாக்கியத்தின் புருஷன் அலையைப் பார்த்து நின்றான். கார்டு சார் ஜெபமாலையை உருட்டினார். பாய் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நர்ஸம்மாவின் குரல் மட்டும் கேட்டது. முக்கு, இன்னும் கொஞ்சம், வந்துட்ச்சு. வெயில் உச்சிக்கு ஏறியது. அப்புறம் ஒரு அழுகை கேட்டது பாருங்கள், கடற்கரை காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பெண் குழந்தை. தாயும் சுகம். குப்பமே கூத்தாடியது. பாயும் கார்டு சாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு விலகிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது துரைசானி வழியில் எங்கும் நிற்கவில்லை. அண்டாத் தகட்டோடு அவள் அப்புறம் பல வருஷங்கள் ஓடினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, குப்பத்திலிருந்து கிளம்புவதற்குமுன் நடந்தது. எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நர்ஸம்மா வெளியே வந்து, காரின் ஃபுட்போர்டில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். தண்ணீர் புடவையில் சிந்தியது. ஆயிலில் ஒரு தூசியைப் பொறுக்காதவர், அதைத் துடைக்கக்கூட இல்லை.

"கணக்கு, ஒண்ணு சொல்றேன். யாராண்டயும் சொல்லாத. வர்ற வழி பூரா பயந்துகினேதான் வந்தேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. பாயிடம் சொல்லவில்லை, கார்டு சாரிடம் சொல்லவில்லை, அடுத்த மாதம் நர்ஸம்மா கையில் எங்கள் மகனைப் பெற்றெடுத்த என் மனைவியிடமும் சொல்லவில்லை. இன்றைக்குப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். நர்ஸம்மா இருந்து இதைப் படித்திருந்தால், எதிர் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி என்னைத் திட்டியிருப்பார். இன்னும் ஒரே ஒரு தடவை அவரிடம் திட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.